பிரதர் எஸ்ராவின் ஆடுகளுக்கு வாய் சிவந்த கதை

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் எங்கள் செயின்ட் எலிசபெத் செம்மண் பூமியில் தேவாலயத்தைவிட, ஆவிகளோடு பேசுகிற பிரதர் எஸ்ராவின் தகரக் கதவுக்கு முன்னால்தான் கூட்டம். ஜமைக்கா முழுவதிலிருந்தும் ஆள் வருவதாக அவரே சொன்னார். அவரே சொன்னால் அப்புறம் சாட்சி எதற்கு? கழுதை மேல், மினிபஸ் கூரையில், தலைச்சுமையாக மூட்டைகள் வந்து இறங்கின. உள்ளே காரட் தழை, முட்டைக்கோஸின் மேல் இலை, சர்க்கரைவள்ளிக் கொடி, பூச்சி கடித்த தக்காளி. கூடவே ஒரு சேவலும் ஒரு பாட்டில் வெள்ளை ரம்மும். ரம் இல்லாவிட்டால் ஆவிகளுக்குக் காது கேட்காதாம்.

அவருடைய உபதேசம் சுருக்கமானது. இங்கே செத்தவர்களைச் சொந்தத் தோட்டத்திலேயே புதைக்கிறோம். ஆகவே அறுவடை மண்ணுக்கு மேலே இருப்பவர்களுக்கு, மிச்சம் கீழே இருப்பவர்களுக்கு. அந்த மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டால் ஆவி அதன் வயிற்றில் புகுந்து ஊதிவிடும். அவரிடம் கொடுத்தால் தகர வேலிக்குள் இரவில் எரித்து, உரியவர்களுக்கு அனுப்பிவைப்பார். எட்டிப் பார்த்தால் கண் போய்விடும்.

மழை பொய்த்த வருடம் அது. ஆடு தின்னும் கினிப்புல்லை எல்லாம் மண்ணின் ஈரம் காயாமலிருக்கப் பாத்திகளில் பரப்பிவிட்டோம். ஆடுகளுக்குத் தோட்டத்து மிச்சத்தை விட்டால் வேறு கதியில்லை. அதையும் பிரதரிடம் சுமந்து கொடுத்துவிட்டு, எலும்பும் தோலுமான எங்கள் ஆடுகளைப் பார்த்து உச்சுக் கொட்டினோம். பிரதரின் வெள்ளை ஆடுகள் மட்டும் கொழுத்துத் திரிந்தன. ஜெபத்தின் மகிமை என்று அதற்கும் வியந்துகொண்டோம்.

எங்கள் ஊர் வெர்னலின் இரண்டு ஆடுகள் வயிறு ஊதிச் செத்திருந்தன. நாளெல்லாம் பட்டினியாகக் கட்டிப்போட்டுவிட்டு, பனி சொட்டும் முட்டைக்கோஸ் இலையைக் கொட்டினால் எந்த ஆடுதான் ஊதாது? ஆனால் மாமரத்தடியில் புதைந்திருக்கும் அம்மாவின் பசிதான் காரணம் என்று பிரதர் சொன்னதும் வெர்னல் அழுதேவிட்டான். மிஞ்சியது ஒரே ஒரு சினை ஆடு. அது எழுந்து நிற்கவே திணறியது. அதைப் பார்க்கப் பார்க்க அவன் மனைவி இசில்டாவுக்கு வயிறு எரிந்தது.

"உங்கம்மா உசுரோட இருந்தப்ப முட்டைக்கோஸ் வாசனையே ஆகாதும்பாங்க. இப்ப மூட்டை மூட்டையாத் திங்கிறாங்களாக்கும்?"

"ஆவிகூட விளையாடாத. இருக்கிற ஒண்ணும் போயிடும்."

சரி, இந்தத் தடவை மூட்டையை நானே கட்டித் தருகிறேன் என்றாள் அவள். பீட்ரூட்டை நசுக்கி, சாறோடு தழையில் பிசைந்து, வாயை இறுக்கிக் கட்டினாள். சனிக்கிழமை சாயங்காலமே வெர்னல் அதை பயபக்தியோடு கொண்டுபோய்ச் சேர்த்தான்.

மறுநாள் காலை பிரதர் கூட்டத்தின் முன் கண்களை மூடிக்கொண்டார். நேற்று வந்ததெல்லாம் சாம்பலாகிவிட்டதாம். வெர்னலின் அம்மா வயிறார உண்டு வாழ்த்தினாராம். அப்போது இசில்டா ஒரு தகரத் தட்டைக் குச்சியால் தட்டினாள். எங்கள் ஊரில் ஆட்டைத் தீனிக்குக் கூப்பிடும் சத்தம் அது. வேலிக்குள் இருந்த பிரதரின் ஆடுகளுக்கு உபதேசமா தெரியும்? கதவை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவந்தன. வெள்ளைத் தாடி, வெள்ளை மூக்கு, எல்லாம் ஒரே சிவப்பு.

"ஆவியோட ரத்தம். எல்லாரும் விலகுங்க," என்றார் பிரதர். பாதிக் கூட்டம் மண்டியிட்டுவிட்டது.

இசில்டா நாக்கை நீட்டிக் காட்டினாள். அதுவும் சிவப்பு.

"பீட்ரூட்டுங்க. மூட்டையில நசுக்கிப் போட்டது போக மிச்சத்த நான் தின்னேன். நீங்க எரிச்ச தழை இதுங்க வாய்க்கு எப்படி வந்துச்சு பிரதர்?"

எல்லா ஆவிகளிடமும் பேசுகிற பிரதர் ஆடுகளை உள்ளே விரட்டப் பார்த்தார். வெர்னல் வேலிக்குள் போனான். சாம்பல் ஒரு பிடிகூட இல்லை. தின்று மீந்த தழைதான் குவிந்து கிடந்தது.

"வாசலுக்கு வந்தவங்களைப் பசியோட அனுப்பாதவ எங்கம்மா. அவளைப் போய் ஆட்டுத் தீனிக்கு அலையுறவளா ஆக்கிட்டியேய்யா," என்றான். ஒரு கட்டு வள்ளிக்கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

கொடியை வெயிலில் வாடவிட்டு, காய்ந்த புல்லோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள். சில நாளில் ஆடு எழுந்து நின்றது. பிறகு இரட்டைக் குட்டி போட்டது.

பிரதர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அங்கேயும் நல்ல கூட்டமாம். ஆடுகூட எதையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயில் வைக்கிறது. அதை வளர்க்கிற நமக்கு அந்த மூக்கு எப்போது முளைக்கப் போகிறது?