பின்னணியாரும் ஏழு ஊர்க் கடிதமும்

மனிதர்களில் பின்னணியார் என்று ஒரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்த அன்றைக்கு உங்கள் வேலை கெட்டிருக்கும். கீழ்பென்னாத்தூர் பஸ் போயாச்சா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். போயாச்சு, இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லமாட்டார். அந்தத் தடத்தில் முதல் பஸ் விட்டது எந்த வருஷம், விட்ட முதலாளி யார், அவருக்கும் அவர் மைத்துனருக்கும் என்ன தகராறு, அந்தத் தகராறால் பஸ் எந்தக் கிராமத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். அதற்குள் நிற்கிற பஸ்ஸும் போய்விடும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் துடைப்பார். பிறகு, "இதப் புரிஞ்சிக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்" என்பார். போவார். அப்படிப் போனவர் திரும்பி வந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாக இதுவரை தகவல் இல்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும்போது இவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தவர்கள், எட்டு லிங்கத்தில் இரண்டாவதான அக்னி லிங்கம் வருவதற்குள் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விட்டிருக்கும் அப்பாதுரை இந்த இனத்தில் முதல் தரம். ஏதோ ஒரு அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவர். குறிப்பு எழுதினார் என்றேனே தவிர, முடிவு எழுதினார் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நாலு வருஷத்துக்கு முன் மாடியில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர், ஊருக்குப் போகும்போது சுமக்க மாட்டாமல் ஒரு தடிப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். பைபிளின் கடைசிப் புத்தகத்துக்கு வரலாற்றுப் பின்னணி, எழுநூறு பக்கம். பின்னணி என்ற சொல்லை அட்டையில் பார்த்ததும் நம் ஆளுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் படித்தார்.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பத்மு என்கிற கல்லும் கரடுமான தீவில் இருந்த யோவான் என்பவர், இன்றைக்குத் துருக்கி என்று சொல்கிற தேசத்தில் இருந்த ஏழு ஊர்ச் சபைகளுக்கு எழுதினது அது என்பது பால்காரருக்குத் தெரியும். அதில் மிருகத்தின் எண் என்று வரும் அறுநூற்று அறுபத்தாறை எழுத்துக் கணக்கில் பிரித்தால் நீரோ என்ற ராஜாவின் பேர் வரும் என்று அறிஞர்கள் சிலர் சொல்வது காஸ் சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க விட்டால்தானே! சரி, அந்தக் கடைசிப் புத்தகத்தைப் படித்தாரா என்கிறீர்களா? அது எதற்கு? பின்னணியைத்தான் முழுசாகப் படித்துவிட்டாரே!

இவரோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் கஸ்தூரி. அவளுக்கு ஒரே மகள், கீர்த்தனா. சென்னையில் வேலை. கூட வேலை பார்க்கும் செழியனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இரண்டு வருஷமாக நிற்கிறாள். பையன் கீழ்பென்னாத்தூர், கிறிஸ்தவக் குடும்பம். கஸ்தூரி முதல் ஆறு மாசம் அழுதாள், அடுத்த ஆறு மாசம் பையனோடு போனில் பேசினாள், மூன்றாவது ஆறு மாசத்தில் அவனுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். அப்பாதுரை? "சம்மதமாப்பா?" என்று மகள் கேட்ட ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றி, தமிழ்நாட்டில் கலப்பு மணத்தின் வரலாற்றைத் தொடங்கினார். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. பெண்ணைப் பெற்றவர் வாயால் ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம்தான் மேற்கொண்டு பேச்சு, இல்லையென்றால் பையனுக்கு வேறு இடம் பார்க்கிறோம் என்று அந்த வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வருவதாக ஏற்பாடு.

"இன்னிக்கு நீங்க ஒரே ஒரு வார்த்ததான் பேசணும். சம்மதம். அவ்ளோதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் கஸ்தூரி காலையிலேயே.

"ஒரே வார்த்தையில எப்படி கஸ்தூரி? ஒரு முகவுரை வேணாமா?"

"வேணாம்."

வந்தார்கள். பையனின் அப்பா ஞானசிகாமணி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கிறவர். நல்ல உயரம், கம்மியான பேச்சு. அம்மா அன்புச்செல்வி சேர் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். செழியன் யாரையும் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தான். முந்தின நாளே சென்னையிலிருந்து வந்துவிட்ட கீர்த்தனா உள்கதவோரம் நின்றாள். கேசரி வந்தது, கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது, ஆவி பறக்கக் காப்பி வந்தது. வெயில் ஜாஸ்தி, மழை கம்மி என்று பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞானசிகாமணிக்கு என்ன தோன்றியதோ, மரியாதைக்கு ஒன்று சொல்லி வைத்தார்.

"பையன் சொன்னான் சார். எங்க வேதத்துல கடைசிப் புஸ்தகத்த நீங்க ரொம்ப ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களாமே."

அப்பாதுரையின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போவதைக் கஸ்தூரி பார்த்தாள்.

"அதப் புரிஞ்சிக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்ங்க" என்று கிளம்பினார். அது எழுதப்பட்டது டொமிஷியன் ராஜா காலத்தில் என்று பெரும்பாலோர் சொல்வதையும், இல்லை, அதற்கு முன்னாலேயே என்று சிலர் வாதாடுவதையும் சொன்னார். ஏழு ஊரும் ஒரே வட்டப் பாதையில் இருந்ததால் கடிதம் கொண்டுபோனவர் நம் ஊர் ஜனங்கள் லிங்கம் லிங்கமாகக் கும்பிட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒவ்வொரு ஊராகப் போயிருப்பார் என்றார். கடைசி ஊரான லவோதிக்கேயாவில் நல்ல தண்ணீர் கிடையாது. தூரத்திலிருந்து கல் குழாயில் வந்து சேருவதற்குள் அது சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் வெதுவெதுவென்று வாயில் வைக்க முடியாமல் ஆகிவிடும் என்று சொல்லி, அந்தக் குழாயின் சாய்வைக் கையால் காட்டினார். விருந்தாளிகள் கையில் இருந்த காப்பியும் அந்த நிலைமைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஏங்க, அவங்க சாப்பிடட்டும்" என்றாள் கஸ்தூரி. ஞானசிகாமணி ஒரு பிடி சுண்டலை எடுத்தார். சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாதுரைக்கு அடுத்த அத்தியாயம் திறந்துகொண்டது.

"சாப்பாடுனு சொன்னதும்தான் ஞாபகம் வருது. தியத்தீரானு ஒரு ஊரு. சாயம் போடறவங்க, செம்பு அடிக்கறவங்க, எல்லாத்துக்கும் சங்கம் உண்டு. சங்க விருந்துன்னா சாமிக்குப் படைச்சதுதான். போகலன்னா தொழில் போச்சு, போனா சபையில பேச்சு. படைச்சத சாப்பிடலாமா, கூடாதா? அந்தக் காலத்துல உங்க ஆளுங்களுக்குப் பெரிய தலவலியே இதுதாங்க. இப்ப இந்தச் சுண்டலையே எடுத்துக்குங்க..."

ஞானசிகாமணியின் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"அய்யோ, இது படைக்கலீங்க!" என்றாள் கஸ்தூரி.

பின்னணியாருக்குப் பெண்டாட்டி முக்கியமா, ஆதாரம் முக்கியமா? "அப்படி ஒரேடியா சொல்லிட முடியாது கஸ்தூரி. சட்டிய எறக்கினதும் மொத கரண்டிய சாமி படத்துக்கு முன்னாடி நீ வெச்சத நான் பாத்தேன். அப்புறம் அதத் திரும்ப எடுத்து சட்டியிலயே போட்டுக் கிளறிட்ட."

அது உண்மைதான். இன்றைக்கு மட்டும் செய்யக் கூடாது என்று விடிந்ததிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷத்துக் கை கேட்கவில்லை. வைத்த பிறகுதான் நினைவு வந்து, பதறிப்போய்த் திரும்ப எடுத்துச் சட்டியில் போட்டாள். ஒரு கரண்டியோடு போயிருக்க வேண்டிய பிரச்சனையைச் சட்டி முழுக்கக் கலந்துவிட்டாள். அன்புச்செல்வி தட்டைக் கீழே வைத்தாள். கீர்த்தனாவின் கண் நிறைந்துவிட்டது. கஸ்தூரி தலை நிமிரவில்லை.

ஞானசிகாமணி கையிலிருந்த சுண்டலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டு மென்றார்.

"எங்க மண்டியில மூட்ட பிரிச்சா, ஆளுங்க மொத கைய சாமிக்குனு ஓரமா வெச்சிட்டுதான் எடை போடுவாங்க. நான் பாட்டுக்கு ஜெபம் பண்ணிட்டு உக்காந்திருப்பேன். முப்பது வருஷமா அதுல வர்ற சோறுதான் நாங்க துன்றது. உப்பு சரியா கீது தங்கச்சி."

அன்புச்செல்வி சுண்டலைத் தொடவில்லை. கேசரியைக் காட்டி, இதுவும் படைத்ததா என்று கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று கஸ்தூரி தலையாட்டினாள். அன்புச்செல்வி ஸ்பூனை எடுத்தாள்.

ஞானசிகாமணி அப்பாதுரையின் பக்கம் திரும்பினார். "சார், அந்தத் தண்ணி விஷயம் சொன்னீங்களே. குழா எவ்ளோ தூரம்லாம் எனக்குத் தெரியாது. அந்த ஊருக்கு வந்த கடுதாசியில இன்னா கேட்டிருக்குனு தெரியும். சூடா இரு, இல்ல குளிர்ச்சியா இரு, நடுவுல நிக்காதனு கேட்டிருக்கு. நீங்க எப்படி சார்? பொண்ண குடுக்கறீங்களா, இல்லியா?"

அப்பாதுரை கண்ணாடியைத் தேடினார். அது கையில்தான் இருந்தது. குழாயின் நீளம் தெரியும், சாய்வு தெரியும், கல்லில் படிந்த சுண்ணாம்பின் கனம்கூடத் தெரியும். கடிதம் வந்து சேர்ந்த ஊர்க்காரன் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மட்டும் எழுநூறு பக்கத்தில் அவர் கண்ணில் படவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்த கஸ்தூரிக்கு அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. இந்த மனுஷன் பின்னாடி பின்னாடி போனதெல்லாம் பயத்தில். கிராமத்தில் இருக்கும் அண்ணன் என்ன சொல்வாரோ, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நீதானே சரி என்றாய் என்று யாராவது கேட்பார்களோ என்ற பயம். அவளுக்குக் கோபம் போய், பாவமாக இருந்தது.

"அப்பா, சொல்லுப்பா" என்றாள் கீர்த்தனா.

"இதப் புரிஞ்சிக்கணும்னா..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. நிறுத்தினார்.

"சம்மதம்" என்றார். "எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வருவாரான்னு தெரியல. நான் முன்னால நின்னு நடத்தறேன்."

கஸ்தூரி வேறு காப்பி போட உள்ளே ஓடினாள். லைட்டரை மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. கண்ணீரில் அடுப்பு தெரியவில்லை.

இதனால் அப்பாதுரை திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத் தேதி கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் கழித்து, நாட்காட்டி என்பது எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனார். இந்த இனம் ஒருநாளும் அழியாது. நிறையப் பேர் கண்ணாடிகூடப் போடாமல் நடமாடுகிறார்கள்.

உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தர் உங்களிடம் ஒன்று கேட்டுவிட்டு, சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரே ஒரு வார்த்தைக்காக ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறாரே, நினைவிருக்கிறதா? அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு, இங்கே நீங்கள் அப்பாதுரையின் பின்னணியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.