மட்டன் முடிஞ்சா சொல்லக்கூடாது

"தம்பி, நான் கோழி கேட்டேன். இது யாரு தலை?"

மூணாம் மேசை அங்கிள் தட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு முழு மீன் தலை அவரை முறைச்சுக்கிட்டு இருந்துச்சு.

"கேக்காத தலைக்கு நாப்பது வெள்ளி கட்டணுமா லா?"

பக்கத்து மேசையிலயும் தலை. அதுக்கு அடுத்த மேசையிலயும் தலை. யாருமே தலை கேக்கல!

காரணம் யாரு? மூலையில லேப்டாப்போட உட்கார்ந்திருந்த மேதை. நான்தான்.

லிட்டில் இந்தியா பக்கத்துல, சோத்து மேல பல கறி ஊத்தித் தர்ற ஒரு நாசி கண்டார் கடை. மேசையில ஒட்டியிருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா போன்ல கறிப் பட்டியல் வரும். அமுக்கினா கறி மேசைக்கே வரும். நான் செஞ்சது. போன்ல வர்ற அந்தப் பக்கத்துக்குச் சொந்த மூளை கிடையாது. பட்டன், நிறம், எழுத்து எல்லாமே என் லேப்டாப் சொல்றதுதான். இங்க நான் ஒண்ணை மாத்தினா, அந்த நொடியே கடையில இருக்கிற எல்லா போன்லயும் மாறும். இதை ஊரெல்லாம் பெருமை அடிச்சிருக்கேன்.

ஸ்கூல் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம். முடிச்சுட்டு சும்மா இருக்கேன். வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்தை இது தாண்டினா முதலாளி மத்த ரெண்டு கடைக்கும் என்னையே போடுவார். தாண்டலன்னா அம்மா சொல்ற பாலிடெக்னிக்.

கொஞ்ச நேரம் முன்னாலதான் ஜும்ஆ தொழுகை முடிஞ்ச கூட்டம் உள்ள வந்துச்சு. மட்டன் காலி. நான் மட்டன் பட்டனை மங்கலாக்கி, மேல 'இல்லை'ன்னு போட்டேன்.

முதலாளி பாய்ஞ்சு வந்தார். "டேய், வியாபார நேரத்துல கடையில அந்த வார்த்தை வரலாமா? எடு!"

"மலாய்ல 'ஹபிஸ்'னு போட்டுரவா?"

"எந்த பாஷையில சொன்னாலும் கடை விளங்காது! எடு லா!"

எடுத்தேன். மட்டனையே பட்டியல்ல இருந்து தூக்கிட்டேன்.

கோழி முதல் இடத்துக்கு ஏறிச்சு. கோழி இருந்த இடத்துக்கு மீன் தலை ஏறிச்சு. கோழியை அமுக்கப் போன விரலெல்லாம் தலையில இறங்கிச்சு. பசியில இருக்கிறவன் படிச்சுப் பாத்தா அமுக்குறான்?

கொஞ்ச நேரத்துல தலையும் காலி. நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. தலையையும் தூக்கினேன். கணவாய் மீன் கேட்டவங்களுக்கு வெண்டைக்காய் போச்சு. அப்புறம் கோழி காலி. அதையும் தூக்கினேன். இன்னும் வெண்டைக்காய்!

கடைசியில மிஞ்சினது ரெண்டே பட்டன். மேல கணவாய், கீழ வெண்டைக்காய்.

பரிமாறுற காசிம் அண்ணே கை நிறைய வெண்டைக்காய்த் தட்டோட நின்னார். "டேய் கம்ப்யூட்டர், இது கடையா, ஆஸ்பத்திரியா?"

கடையிலயே சந்தோஷமா இருந்தது ஒரே ஒரு ஆள்தான். ஆபீஸ் கூட்டத்தோட வந்த ஒரு அக்கா.

"நான் வெள்ளிக்கிழமை சைவம். எனக்கு இதுதான் வேணும்"னு சிரிச்சுக்கிட்டே ரெண்டாவது தட்டுக்குப் போனை எடுத்தாங்க.

முதலாளி என்னைக் கறித் தட்டுங்களுக்கு முன்னால இழுத்துட்டுப் போனார்.

"மட்டன் காலியானா கோழியை அங்க நகர்த்தியா வைக்கிறேன்? காலித் தட்டு அது இடத்துலயே கிடக்கும். பாக்கிறவனுக்குக் கண்ணு இருக்கு. உனக்குத்தான்டா இல்லை!"

அவரே அந்த வார்த்தையைச் சொல்லிட்டார். நான் சுட்டிக்காட்டல. அவ்வளவு மடையன் இல்ல நான்.

"பன்னெண்டு மேசை. ஒவ்வொண்ணுக்கும் நடந்து போய், முகத்தைப் பாத்து மன்னிப்பு கேளு. கேட்டா நாளைக்கு வா."

நடந்தா? லேப்டாப்பைக் கையில வச்சுக்கிட்டா?

'தப்பு எங்களோடது, மன்னிக்கணும்'னு பெரிய எழுத்துல அடிச்சு, பட்டியலுக்கு மேல வச்சு, எல்லா போனுக்கும் ஒரே அமுக்குல அனுப்பினேன்.

மன்னிப்பு மேல வந்து உட்கார்ந்துச்சு. பட்டியல் ஒரு படி கீழ இறங்கிச்சு.

வெண்டைக்காயை அமுக்கப் போன அக்காவுக்குக் கணவாய் போச்சு.

பன்னெண்டே மேசை. நடந்திருக்கலாம்.