வாரன்டி முடிந்த மறுநாள்

இந்த விவகாரத்தில் அநீதி இழைக்கப்பட்டவர் எங்கள் பல்கலைக்கழக மகளிர் விடுதியின் கேட் அக்கா. பதினேழு அங்குலத் திரையில் தன் மகளின் முகத்தை ஒரே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டார். பதினைந்து மாதங்களாக அது அவருக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் அனைவரும் நல்லவர்கள், படித்தவர்கள், அக்காவின் மேல் மிகுந்த பிரியம் உடையவர்கள் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

மாலை ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும் என்பது விடுதி விதி. ஆனால் அக்காவின் கடிகாரத்தில் ஏழு மணி, எங்களில் கடைசிப் பெண் ஓடி வந்து உள்ளே நுழைந்த பிறகுதான் அடிக்கும். ஏன் லேட் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய மகள் பளுதூக்கும் வீராங்கனை. வெளியூரில் தங்கிப் பயிற்சி எடுக்கிறாள். போட்டிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். அக்காவிடம் இருப்பதோ மூலை உடைந்த சின்ன போன்.

"எறும்பு எதையோ தூக்குற மாதிரி தெரியுதும்மா. எந்த எறும்பு என் பொண்ணுன்னு நம்பரைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். தூக்கும்போது அவ முகம் எப்படி இருக்கும்னு ஒருதடவை பாக்கணும்."

எங்கள் பொது அறையின் டிவி இறந்து இரண்டு வருடம். புது டிவியைச் சுவரில் மாட்ட வேண்டுமென்றால் நான்கு ஓட்டைகள் போட வேண்டும். ஓட்டை ஒன்றுக்குக் கட்டடப் பிரிவின் ஒப்புதல் ஒன்று. ஆகவே ஓட்டையே தேவைப்படாத பெரிய லேப்டாப் ஒன்றை வாங்குவது என்று மாணவியர் குழு தீர்மானித்தது. குழுவின் செயலாளர் நான்.

எதை வாங்குவது என்று ஆராயும் பொறுப்பைக் கம்ப்யூட்டர் படிக்கும் என் ரூம்மேட் ஏற்றாள். மூன்று வாரம் இணையத்தில் விமர்சனம் பார்த்தாள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திறந்து, "வாவ்" என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே லேப்டாப்பைத் திறந்து காட்டியவர் ஒருவர்கூட இல்லை.

"ஒண்ணு படம் பிரமாதம், ஆனா மூடி ஆடுமாம். இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கும், ஆனா தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி சத்தம். ரெண்டும் நல்லா இருக்கிறது ஒண்ணு இருக்கு. ஆனா மூணு கிலோ."

"நமக்கு அது மேஜையிலதானே இருக்கப் போகுது? பளு தூக்கறதைப் பாக்கறதுக்குப் பளுவா ஒண்ணு. வாங்கிடலாம்" என்றேன்.

கோப்பு, கொள்முதல் பிரிவின் கண்காணிப்பாளர் மேஜைக்குப் போனது. அமைதியானவர். எதைச் சொன்னாலும் நம் தலையைத் தடவிக் கொடுப்பது போலச் சொல்வார். கடைக்காரர் தந்த விளம்பரத் தாளில் 'முழுமையான பொழுதுபோக்கு' என்று போட்டிருந்ததைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

"திரை பெருசு, படம் தெளிவு, சத்தம் நல்லா இருக்கு. எல்லாமே உங்களுக்கு எதிரான சாட்சிம்மா. பல்கலைக்கழகம் பொழுதைப் போக்கறதுக்கு நிதி தராது."

"இங்க யாருமே பொழுதைப் போக்கறதில்லையா சார்?"

"நாங்க வேலை பாக்கறோம். அதுல பொழுது தானாப் போயிடும்."

அரை மணி நேரம் வாதாடினேன். முடிவில் அது 'காட்சிவழிக் கற்றல் சாதனம்' என்று பெயர் மாற்றப்பட்டது. லேப்டாப் வந்து இறங்கியது. எங்களிடம் அல்ல, கொள்முதல் பிரிவில்.

"நம்பகத்தன்மையைப் பாக்கணுமே! உப குழு ஒண்ணு போட்டிருக்கோம். மூணு பேர். ஒரு வருஷம் தினமும் ஓட்டிப் பாத்துட்டு ஒப்படைப்பாங்க."

"ஒரு வருஷமா? சார், வாரன்டியே ஒரு வருஷம்தான்!"

"அதனாலதான். கெடறதா இருந்தா அதுக்குள்ள எங்ககிட்டயே கெடட்டும். கடைக்காரன் சும்மா சரி பண்ணிக் குடுப்பான். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"வாரன்டி முடிஞ்ச மறுநாள் எங்ககிட்ட வந்து கெட்டா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு வருஷம் கெடாத மெஷின் அப்புறம் எதுக்கும்மா கெடப் போகுது? இன்னொண்ணும் யோசிச்சுப் பாரு. பயன்படுத்தப் பயன்படுத்தப் பொருளோட மதிப்பு குறையும். உங்ககிட்ட குடுத்தா நீங்க பயன்படுத்திடுவீங்க."

என் வாழ்க்கையில் முதன்முறையாக, வாதாடாமல் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

உப குழு கடமை தவறாமல் இயங்கியது. ஜன்னலுக்குத் திரை போடப்பட்டது. மெத்தை நாற்காலிகள் வரவழைக்கப்பட்டன. அவர்களின் பதிவேட்டை ஒருமுறை பார்க்க வாய்த்தது. 'இன்று மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். இரண்டு திரைப்படங்கள். இயந்திரம் சூடாகவில்லை. உறுப்பினர் ஒருவர் இரண்டாம் படத்தின் முடிவில் கண்கலங்கினார். ஒலி திருப்தி.'

நான்காவது மாதம் அக்கா மகளுக்கு மாநிலப் போட்டி. பத்து நிமிடம் பார்க்க அனுமதிக்குமாறு கேட்க, அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அறைக்குள்ளிருந்து "அவுட்! அவுட்!" என்று மூன்று குரல்கள்.

"இன்னைக்கு ஒலிச் சோதனை" என்றார் கண்காணிப்பாளர். அக்காவைப் பார்த்துக் கனிவாகத் தொடர்ந்தார்: "உங்களுக்கு இல்லாததா? ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்கம்மா. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

எழுதிக் கொடுத்தோம். பிறகு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்தோம். அக்காவின் எறும்பு குனிந்தது. கம்பியைப் பிடித்தது. முழங்கால் வரை தூக்கியது. அங்கே திரை நின்றுபோய் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வட்டம் நின்றபோது கம்பி கீழே கிடந்தது, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தூக்கிட்டாளா?"

"தூக்கிட்டா அக்கா."

"நீ பாத்தியா?"

"இல்லக்கா."

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினோரு மனுக்கள் எழுதினேன். நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினேன். கொள்முதல் பிரிவு வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டோம். உள்ளே ஒலி அளவைக் கூட்டினார்கள். சோதனையில் அதுவும் தேறியது.

வாரன்டி ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. புதன்கிழமை காலை லேப்டாப் விடுதிக்கு வந்தது. கண்காணிப்பாளரே நேரில் வந்து, 'ஓராண்டில் ஒரு பழுதும் இல்லை' என்ற சான்றிதழை வாசித்தார். பெண்கள் விசிலடித்தார்கள். அக்கா கேட்டை விட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார். நான் ரசீதில் கையெழுத்திட்டேன்: 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். இனி ஏற்படும் பழுதுகளுக்கு நானே பொறுப்பு.'

பேனாவை மூடுவதற்குள் அந்த லேப்டாப்பின் மேல் எனக்கு ஒரு புதுப் பாசம் பிறந்துவிட்டது.

அன்று மாலையே குழுவைக் கூட்டினேன். வாரன்டி இல்லை. மூடியைத் தாறுமாறாகத் திறந்தால் யார் பொறுப்பு? நூற்று நாற்பது பேர் நூற்று நாற்பது விதமாகத் திறப்பார்கள். ஆகவே திறப்பவர் ஒருவராக இருப்பதே நியாயம். அந்த ஒருவர், கையெழுத்துப் போட்டவராக இருப்பதே அதைவிட நியாயம். பொது அறையில் தூசி. எனவே என் அறை அலமாரி. திரையின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டிய அவசரம் என்ன? ஞாயிறு தோறும் நாற்பது நிமிடம், அதுவும் குழு முன்கூட்டியே அனுமதித்தால். ஒவ்வொன்றையும் நானே வாதாடி நிறைவேற்றினேன். எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.

ரூம்மேட் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ இப்ப யார் மாதிரி பேசற தெரியுமா?"

"யார் மாதிரி?"

"வேணாம், விடு."

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா என் அறைக்கே வந்தார். கை துடைத்துவிட்டு வந்திருந்தார், லேப்டாப்பைத் தொட நேர்ந்தால் அழுக்காகக் கூடாதே என்று.

"தேசியப் போட்டிம்மா. வியாழக்கிழமை மூணு மணிக்கு. உங்க மெஷின்ல ஒரு அஞ்சு நிமிஷம்…"

"அக்கா, உங்களுக்கு இல்லாததா?" என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். "இன்னைக்கு உங்களுக்காகத் திறந்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

அக்கா துடைத்த கையை மறுபடியும் துடைத்துக்கொண்டார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

குழு வெள்ளிக்கிழமைதான் கூடும். கூடியது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு லேப்டாப்பைப் பார்வையிட அக்காவுக்கு ஏகமனதாக அனுமதி வழங்கியது. அனுமதிக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்புக்குப் பஞ்சு வைத்த உறை ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கேட்டை அடைந்தபோது மணி ஏழு பத்து.

கேட் பூட்டியிருந்தது.

உள்ளே, கூரைக்கு அடியில், அக்கா போனில் நேற்றைய போட்டியின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிகளின் வழியே எனக்கும் தெரிந்தது. மேடை மேல் ஓர் எறும்பு நின்றது. அதன் கழுத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது. முகம் தெரியவில்லை.

"அக்கா! அனுமதி கிடைச்சாச்சு!" என்று கடிதத்தைக் கம்பிக்குள் நீட்டினேன்.

வாங்கினார். நிதானமாகப் படித்தார். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தார். நாற்காலி ஆட்டம் நின்றது.

"கேட்டைத் திறங்கக்கா. புது உறை நனையுது."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். அது, என் நினைவில் முதன்முறையாக, சரியான நேரம் காட்டியது.

"உனக்கு இல்லாததாம்மா? ஏன் லேட்டுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு. உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."