முன்னூற்றுப் பன்னிரண்டாம் கதவின் செத்தவீடு

2011 நவம்பர் 2, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஒன்பது பாகை குளிர். குடையை விரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க விடாத தூறல். அந்த நேரத்தில்தான் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், ரூ காய் தெருவில் உள்ள சிவத்தின் பலசரக்குக் கடைக்குள் வாழையிலை நுழைந்தார். உலகத்தில் எந்த நாட்டைச் சொன்னாலும் அது தன் சொந்த நாடு என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

வாழையிலை என்பது நாங்கள் வைத்த பெயர். அவருடைய உண்மையான பெயரில் ஐந்து பகுதிகள் இருந்தன. நான் இரண்டு வரைதான் மனப்பாடம் செய்தேன். மெக்சிக்கோவிலிருந்து தெற்கே உள்ள நாடுகளை விட்டுப் புறப்பட்டு, உலகமெங்கும் குடியேறிய சனங்களைப் பற்றிப் படிப்பிக்கிற ஒரு சின்னப் பல்கலைக்கழகத் துறையில் அவர் ஆசிரியர். 2009இலிருந்து வியாழன்தோறும் வாழையிலை வாங்க வருவார். சோளமாவை இலையில் பொதிந்து அவித்து, மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். தமிழை முழுக்க முழுக்கச் சிவத்தின் கடையிலேயே கற்றார். அதனால் எல்லோரும் அவருக்கு அண்ணைதான், சிவத்தின் மனைவி ராணி அக்கா உட்பட.

ஊரை விட்டுப் போன சனங்களைப் பற்றிப் படிக்க ஒரு துறையா என்று எனக்குக் குழப்பம். அவருக்கு நேர் எதிர்க் குழப்பம்.

"இவ்வளவு கடை இருக்கு, உங்களைப் பற்றி ஒரு வகுப்பு இல்லையோ அண்ணை?"

எந்த நாட்டுக்காரர் என்பது அடுத்த குழப்பம். சிவத்திடம் பெரு என்றார். என்னிடம் மெக்சிக்கோ. ராணி அக்காவிடம் எக்குவடோர். ஒருநாள் நேரே கேட்டேன்.

"பிறந்தது ஒண்டு, வளந்தது ஒண்டு, துரத்தினது ஒண்டு அண்ணை" என்றார். எது எது என்று நான் கேட்பதற்குள் மரவள்ளிக்கிழங்கை எடுத்து முகரத் தொடங்கிவிட்டார்.

ஒரு தடவை பதினொரு மாணவர்களைக் கூட்டி வந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு நடத்தினார். ஒரு பெண் கிட்டார் வாசித்தாள். சிவத்தின் வானொலியில் நாதசுரம் போனது. இரண்டுக்கும் சேர்த்து எல்லோரும் ஆடினார்கள். நாற்பது நிமிடம். மொத்த வியாபாரம் ஒரு தேசிக்காய்.

இனி அந்தப் புதன்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் அவருடைய வகுப்புக்குப் பதினைந்து பேர் பதியாவிட்டால் துறையை மூடிவிடுவார்கள், அவர் வேலையும் போகும். பதிந்திருந்தது ஒன்பது பேர். இது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கறுத்த கோட்டுப் போட்டு, கண் சிவந்து வந்த மனிதர் நாற்பது இலையும், ஆறு செவ்வந்தி மாலையும், ஒரு பெட்டி சாம்பிராணியும் கேட்டார்.

சிவம் தராசை விட்டு எழும்பினார். "ஐயோ, ஆருக்கு என்ன நடந்தது?"

"இருபத்தொரு வயசு அண்ணை. இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணியோடை எல்லாம் முடியுது."

"எங்கை வைச்சிருக்கு?"

"யூனிவர்சிட்டியிலை. மூண்டாம் மாடி." மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார்.

சிவம் என் காதுக்குள் சொன்னார். "படிக்கிற பெடியன் போலை, மாஸ்டர்."

அவர்கள் நாட்டில் நவம்பர் இரண்டாம் தேதி, செத்தவர்களுக்குப் பூவும் சாப்பாடும் படைத்துப் பாட்டுப் பாடிக் கொண்டாடுகிற நாள். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கத்தோலிக்கரான மன்னார் அந்தோனி. அவர் அன்றைக்குக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தார்.

கலியாணத்துக்கு அழைத்தால்தான் போவோம். செத்தவீட்டுக்கு அழைப்புத் தேவையில்லை. மூன்றரை மணிக்குக் கடையின் இரும்புக் கதவு இறங்கியது. வெள்ளைச் சேலைகளும் கறுத்த சட்டைகளுமாகப் புறப்பட்டோம். எண்ணினேன், இருபத்துமூன்று பேர்.

மூன்றாம் மாடி, அறுபத்துநான்கு படி. நடைவாசலில் ஒரு மேசை. அதில் விரித்த கொப்பியும் பேனையும். எங்கள் செத்தவீடுகளில் வைக்கிற அதே அனுதாபக் கொப்பி. ஒவ்வொருவராகப் பெயர் எழுதினோம். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அழைப்பு வர வேண்டுமே என்று முகவரியும் தொலைபேசி இலக்கமும் தெளிவாக எழுதினோம். நான் படித்தவன். பக்கத்தின் மேலே அச்சடித்திருந்த இரண்டு வரியை வாசித்திருக்க வேண்டும். நான் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனால் சுவர் முழுக்கச் சித்திரம், கிட்டார், சிரிப்பு. முகத்தில் மண்டையோடு வரைந்த பிள்ளைகள். ஏழு தட்டுப் படியில் எங்கள் செவ்வந்தி, பாண், சீனியில் செய்த மண்டையோடுகள். நடுவில் மாலை போட்ட படம். ராணி அக்கா "என்ரை ராசா" என்று குரலெடுத்தவர், படத்தைப் பார்த்துப் பாதியில் நின்றார். படத்தில் ஒரு கதவு. அதில் 312 என்று இலக்கம்.

"உதென்ன, கதவுக்கு மாலை?"

சிவம் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "பெடியன் கதவுக்குப் பின்னாலை நிக்கிறான் போலை."

அவித்த பொதித் தட்டோடு வந்த வாழையிலை, எங்களைக் கண்டு திகைத்துப் போனார். விளக்கம் அப்போதுதான் கிடைத்தது. சாகிறது துறை. 312 அதன் அறை. வயது இருபத்தொன்று. காலையில் அவர் கண்ணில் இருந்தது வெங்காயம் வெட்டிய சிவப்பு. "இன்னும் ஆறு பேர் காணாது அண்ணை" என்றபோது வந்த சிவப்பு வேறு.

ராணி அக்கா மறுபடியும் அழுதார். இந்தத் தடவை எதற்கென்று தெரிந்து அழுதார்.

சரியாக ஐந்து மணிக்கு நிர்வாகத்து மதாம் வந்தார், கையில் அந்தக் கொப்பி. எண்ணினார். நானும் மனதுக்குள் கூடவே எண்ணினேன். முப்பத்திரண்டு. நாங்கள் எழுதியது அனுதாபக் கொப்பி அல்ல, பதிவுக் கொப்பி என்று எனக்கு இருபதாவது பெயரில் விளங்கியது. மதாம் ராணி அக்காவின் ஈரக் கண்ணைப் பார்த்து, இந்தப் பாடத்தில் அவ்வளவு ஆர்வமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வுய் மதாம்" என்றார் ராணி அக்கா, ஒன்றும் விளங்காமல். "போக்கு, போக்கு." ஆம், நிறைய: அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

வாழையிலை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் இருபத்துமூன்று பேருக்கும் கடிதம் வந்தது. அறுபத்துநான்கு யூரோ கட்டவும், அல்லது விலகுவதாக எழுதவும்.

"செத்தவீட்டுக்குப் போனதுக்கும் பில்லோ!" என்று கடையில் ஒரே சத்தம்.

லா சப்பலில் பிரெஞ்சுக் கடிதம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். பதினேழு விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டாவது என்னுடையது. முத்திரை ஒட்டிச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகுதான் கழித்துப் பார்த்தேன். சிவம், ராணி அக்கா, ஆட்டம் பழக ஆசைப்பட்ட இரண்டு சமையல்காரர், எதற்கென்று கேளாமல் மகள் காசு கட்டிவிட்ட ஒருவர், நான். ஒன்பதும் ஆறும் பதினைந்து. நான் போனால் பதினாலு.

அந்த வியாழன் வாழையிலை கடைக்கு வந்தார். ஓர் இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கிழிசல் பார்த்தபடி சொன்னார்.

"அந்தக் கடிதம் எல்லாம் நீங்கள்தான் எழுதிக் குடுத்தனியளாம். நல்ல பிரெஞ்சு எண்டு மதாம் சொன்னவ அண்ணை."

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று தபால்பெட்டி. மூன்றையும் கடந்து போனேன்.

பன்னிரண்டு வகுப்புக்குப் போனேன். ஒவ்வொரு வகுப்பிலும் அவருக்கு ஒரு புது நாடு பிறந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பன்னிரண்டு பொதியும் தின்றேன். மூன்று வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்று "ஊருக்கு"ப் போனார். எந்த ஊர் என்று இன்றைக்கும் தெரியாது. கடையில் யாராவது கேட்டால், "அவர் எங்கடை ஆள்" என்று சிவம் சொல்லிவிடுவார். நான் திருத்துவதில்லை.

கட்டணம் அறுபத்துநான்கு, கொப்பி இரண்டு யூரோ முப்பது, பேனை ஒரு யூரோ பத்து, அனுப்பாத கடிதத்தின் முத்திரை அறுபது சதம். மொத்தம் அறுபத்தெட்டு யூரோ. அதில் அந்த அறுபது சதம் மட்டும்தான் வீண்.