மண்டூகத்தின் சிவப்பு நூல்

தவளைக்காக ஒரு ஹாஸ்டலின் ரசத்தையே சிவக்க வைத்தவன் பெங்களூர் சரித்திரத்தில் ஒருவன்தான். மண்டூகம், அதாவது தவளை, நாங்கள் அவனுக்கு வைத்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வார்டனுக்கே மறந்துபோயிருந்தது.

யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால் நானும் அவனும் கண்டோன்மென்ட்டில் ஒரே அறை. கல்லூரியில் எங்களுக்குத் தவளையை அறுக்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இவனுக்கோ, உயிருள்ள தவளையை வேறிடத்தில் விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி வருமா என்று தெரிந்தாக வேண்டும். யாரும் கேட்கவில்லை, மார்க்கும் கிடையாது. அல்சூர் ஏரிக்கரையில் தவளை பிடிப்பான். பின்னங்காலில் சிவப்பு நூல் கட்டுவான். ஹாஸ்டல் தோட்டத்துக் குட்டையில் கொண்டுவந்து விடுவான். பிறகு தினம் காலையில் ஏரிக்குப் போய் அதையே தேடுவான்.

நூல் தண்ணீரில் சாயம் விடக்கூடாதாம். அதற்காக மெஸ்ஸின் ரசப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தான். சமையல்காரர் கவனிக்காமல் அதிலேயே ரசம் வைத்துவிட்டார். அந்த வாரத்திலேயே நல்ல ரசம் அதுதான்.

ஏரியில் துணி வெளுக்கிறவர்கள், மழை வேண்டித் தவளைக்குத் தாலி கட்டுகிறான் என்று முடிவுகட்டித் தேங்காய் பழத்தோடு வந்துவிட்டார்கள். தவளை அவர்கள் கன்னடத்தில் கப்பெ.

"சாமி, நம்ம கப்பெக்குக் கல்யாணமா? மாப்பிள்ளைத் தவளை எங்க?"

"ஐயோ, இது ஆராய்ச்சிங்க!" என்று கத்திவிட்டு, தேங்காயை வாங்கிக்கொண்டான்.

எனக்கும் கட்டச் சொல்லிக்கொடுத்தான். "ஈர்க்குச்சி நுழையற அளவுக்கு இடம் விடுடா. பாவம், அதுக்கும் கால்தானே?"

ஆறு வாரமாகியும் ஒரு தவளைகூடத் திரும்பவில்லை. "காலேஜ் விஞ்ஞான சங்கக் கூட்டத்துக்குள்ள ஒண்ணாவது வந்தாதான் உன் கட்டுரையை மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்புவேன்" என்று புரொபசர் கெடு வைத்தார். மண்டூகம் சோறு தண்ணி மறந்தான். எனக்கோ விளையாட்டுப் புத்தி. கூட்டத்துக்கு முதல் நாள் மாலை கடைத்தெருவில் சிவப்பு நூல் வாங்கினேன். ஏரியிலேயே ஒரு தவளையைப் பிடித்து, அவசரமாகக் கட்டி, அவன் வழக்கமாகப் பார்க்கும் கல்லிடுக்கில் விட்டேன். என் விரலெல்லாம் சாயம், தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் காலை ஓடிவந்தான். "வந்துட்டுதுடா! திரும்பி வந்துட்டுது!" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன், பாவி.

அன்று மாலை தவளையைக் கண்ணாடி ஜாடியில் வைத்துக் கட்டுரை வாசித்தான். பாதியில் புரொபசர் கேட்டார்: "தண்ணி ஏம்ப்பா சிவக்குது?"

மண்டூகம் ஜாடியைப் பார்த்தான். பிறகு முன் பெஞ்சிலிருந்த என் விரல்களைப் பார்த்தான். எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான். கையை மேஜைக்கடியில் ஒளித்துக்கொண்டேன்.

"இது என் தவளை இல்லை சார். நான்தான் சரியாப் பார்க்கலை" என்று சொல்லி, தவளை திரும்பியது என்ற வரியைக் கட்டுரையில் அடித்தான். கூடமே சிரித்தது. கட்டுரை மெட்ராஸுக்குப் போகவில்லை.

அறையில் அவனுக்காகக் காத்திருந்தேன். என் கன்னத்தில் அவன் நாலு அறை விட்டிருந்தால் தேவலை. ஈரக் கையோடு வந்தவன், "ரொம்ப இறுக்கிட்டேடா. கால் வீங்கிப்போச்சு. அவுத்து ஏரியில விட்டுட்டேன்" என்றான். பரீட்சை முடிந்து அவன் ரயிலேறும்வரை எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நேற்று பேரனுக்கு அரைஞாண் கயிறு கட்டினேன். ஈர்க்குச்சி விட்டுப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேனடா, மண்டூகம்.