கதிரவேலர் கேட்டு வாங்கின வருத்தம்

புத்தூர்க் கதிரவேலர் எந்தக் கடுதாசியையும் கடைசி வரிவரைக்கும் வாசிக்கிற மனுசன். முப்பது வருசம் தபால் கந்தோரிலை இருந்து பென்சன் எடுத்தவர் வேறென்ன செய்வார்? ஆனால் மனுசியின்ரை விமான ரிக்கற்றைக் கையிலை எடுத்த அண்டைக்கு எழுத்தெல்லாம் அவருக்குக் கலங்கிப்போச்சு.

லண்டனிலை மகள் பத்மாசினிக்குத் தலைப்பிரசவம். பார்க்க மனுசி மீனாம்பிகை போறா. அங்கை நிக்கப்போறது ஆறு மாசம். கதிரவேலருக்கோ தேத்தண்ணிக்கு வைச்ச தண்ணி கொதிச்சதோ இல்லையோ எண்டே தெரியாது. ஐயோ, தன்ரை செத்தவீட்டுக்குத்தான் அவள் திரும்பி வருவாள் எண்டு உள்ளுக்குள்ளை அழுதார். வாய் திறந்து போகாதை எண்டு சொல்ல ரோசம் விடேல்லை.

பயணத்தைக் குழப்பவேணும். ரத்துச் செய்தால் பாதிக் காசு கொம்பனிக்கு. திகதி மாத்தினால் தண்டம். மருமகன் பனிக்குள்ளை நிண்டு உழைச்ச காசு, மனுசி ஒரு சதமும் விடாள். நிபந்தனைக் கடுதாசியைக் கண்ணாடி போட்டுத் துருவினார். பதினோராவது நிபந்தனை கைகுடுத்தது. குடும்பத்திலை ஆருக்காவது நோய், கடும் வருத்தமெண்டு வைத்தியர் கடிதம் தந்தால், போற திகதி, வாற திகதி ரெண்டிலை ஒண்டைத் தண்டமில்லாமல் மாத்தலாமாம். பிள்ளை பிறந்து முடியுமட்டும் இழுத்தடிச்சால் பிறகு அவள் போய் என்னத்துக்கு?

உடனை இடுப்புக்குள்ளை உளைவெண்டு நாரியைப் பிடிச்சுக்கொண்டு படுத்திட்டார். ஆசுப்பத்திரிக்குப் போனால் ஒண்டுமில்லை எண்டு துரத்திவிடுவாங்கள். அதாலை ஒண்டுவிட்ட தம்பி, நாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரி ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டார். பரியாரி நாடி பிடிச்சு, வாதக்குணம், ரெண்டு கிழமை பத்தியம் எண்டு எழுத வெளிக்கிட்டார்.

"ரெண்டு கிழமைக்கு ஆரடா பயப்பிடுவான்? பாரமாய் எழுது. ஒரு வருசமெண்டு போடு."

எழுதினால் எழுதினபடி பத்தியம் காக்கவேணும், இல்லாட்டித் தன்ரை கைராசி போயிடும் எண்டு பரியாரி சொன்னார். கதிரவேலர் தலையிலடிச்சுச் சத்தியம் பண்ணினார்.

மீனாம்பிகை கடிதத்தை ரெண்டுதரம் வாசிச்சா. கண் கலங்கினா. அதைப் பார்க்கக் கதிரவேலருக்கு வெக்கமாயும் கிடந்தது, சந்தோசமாயும் கிடந்தது. விடிய வெள்ளன பஸ் ஏறி, யாழ்ப்பாணத்திலை ரிக்கற் வித்த தேவராசாவிட்டைப் போனவ, பின்னேரந்தான் திரும்பி வந்தா.

"மாத்தியாச்சு. ஒரு சதமும் தண்டம் எடுக்கேல்லை."

கதிரவேலருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எப்ப பயணம் எண்டு முனகலாய்க் கேட்டார்.

"வாற செவ்வாய்தான். அதை ஏன் மாத்துவான்? திரும்பி வாற திகதியைத்தான் மாத்தினனான். ஒரு வருசத்துக்கு உங்களுக்கு உப்பில்லை, புளியில்லை, மீனில்லை. கஞ்சி காய்ச்ச நானே நிக்கவேணும்? பேரப்பிள்ளைக்கு ஒரு வயசு திரும்பட்டும், வாறன்."

கதிரவேலர் துள்ளி எழும்பினார். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு சொல்ல வாயெடுத்தார்.

"எழும்பாதேங்கோ," எண்டா மீனாம்பிகை ஆறுதலாய். "பொய்க் கடிதமெண்டு தெரிஞ்சால் முழுக்காசும் கொம்பனிக்கு. பதினோராவதுக்குக் கீழை சின்ன எழுத்திலை கிடக்கு. நானும் வாசிச்சனான்."

அந்த வரியை அவர் வாசிக்கேல்லை. முப்பது வருசத்திலை முதற்தரம். நாரியைப் பிடிச்சுக்கொண்டு மெல்லப் படுத்தார். கண்ணாலை தண்ணி வந்தது, இப்ப உண்மையாய்த்தான். மீனாம்பிகை போர்வையை இழுத்து மூடிவிட்டா.

"தனிய எண்டு யோசியாதேங்கோ. பத்தியம் காக்க உங்கடை பராசக்தி அக்காவைக் கையோடை கூட்டிவந்திட்டன். குசினியிலை நிக்கிறா, மீன்சட்டியை இப்பதான் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துவிட்டவ."