தையலக்கா வீட்டில் அமைதி நிலைநாட்டப்பட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாக எதுவும் செய்யாமல் அது காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் குடியிருப்போர் சங்கம் ‘மனிதாபிமானத் தலையீடு’ என்பதைக் கண்டுபிடித்தது. அதன் முதல் பயனாளி என்ற பெருமை தரைத்தளத்துத் தையலக்காவுக்குக் கிடைத்தது. அவள் கேட்கவில்லை. பெருமை கேட்டா வரும்?

தையலக்காவுக்கும் பஸ் ஓட்டுநரான அவள் கணவருக்கும் தினமும் மதியம் ஒரு சண்டை உண்டு. ஃபேன் சண்டை.

“ஃபேனை நிறுத்தினா நான் வெந்து செத்துருவேன்!”

“ஓடவிட்டா நான் சளி பிடிச்சு செத்துருவேன்டி!”

தொண்டை வறண்டதும் இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். டீ குடிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்காது. ‘செத்துருவேன்’ மட்டும் கேட்கும்.

கதவை உடைத்து அவளைக் காப்பாற்றும் தீர்மானத்துக்காகச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. சம்பந்தப்பட்டவள் என்பதால் தையலக்காவுக்கு அழைப்பில்லை. ஆனால் கூட்டம் நடந்ததே அவள் துணி காயப்போடும் முற்றத்தில்தான். தையல் மிஷினை மிதித்தபடியே ஜன்னல் வழியாக முழுவதையும் கேட்டாள். சங்கத்துக்கு ஐந்து நிறுவனர்கள். கட்டிடம் எழும்பியபோது முதலில் வீடு வாங்கியவர்கள். அவர்களில் ஒருவருக்குத் தீர்மானம் பிடிக்காவிட்டால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தன் டீக்கோப்பையைக் கவிழ்த்தால் போதும், தீர்மானம் செத்தது. இதற்குப் பெயர் ஜனநாயகம்.

“கதவுக்கு உள்ள நடக்கிறது அவங்க சொந்த விஷயமில்லையா?” என்றார் பல் டாக்டர். மனசாட்சி உள்ளவர், கூட்டத்துக்கு ஒருமுறை அதைப் பயன்படுத்துவார்.

“சத்தம் வெளிய வருதே டாக்டர்,” என்றார் செயலாளர். “வெளிய வந்த சத்தம் பொதுச் சொத்து.”

“கதவை உடைக்கிறது சட்டப்படி சரியா?”

“சட்டப்படி தப்பு. நியாயப்படி சரி. அதாவது, நாம உடைச்சா.”

“மணி அடிச்சு விசாரிக்கலாமே?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “மணி அடிச்சா கொடுமைக்காரன் உஷாராயிடுவான் சார்!”

கட்டிடத்துக்கே தண்ணீர் ஏற்றும் பம்பு ஒருவருக்குச் சொந்தம். அதனால் அவர் எல்லோருக்கும் பம்பு மாமா. நிறுவனர்களில் மூத்தவரும் அவரே. முற்றத்தைக் கண்ணால் அளந்தபடி அவர் தழுதழுத்தார். “ஒரு பொண்ணு அழுதா என்னால தாங்கிக்க முடியாதுப்பா. ஆமா, இங்க எத்தனை ஸ்கூட்டர் நிக்கும்?”

“ஒன்பது நிக்கும் மாமா.”

ஐந்து கோப்பைகளும் நிமிர்ந்தே இருந்தன.

தையலக்கா வெளியே வந்தாள். “நான் நல்லாத்தான் சார் இருக்கேன்.”

“பாவம், பயத்துல பேசறாங்க,” என்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். “ஏங்க, நாளைக்கு என்னைக் காப்பாத்தப் போறாங்களாம்.”

“யார்கிட்டேருந்து?”

“உங்ககிட்டேருந்து.”

ஓட்டுநர் யோசித்தார். “அப்ப நான் லீவு போடணுமா?”

மறுநாள் மதியம் நல்லெண்ணப் படை கிளம்பியது. ஸ்கூட்டர் ஹெல்மெட், துடைப்பக்கட்டை, ஆளுக்கொரு கரப்பான்பூச்சி மருந்து. தலைமை, ‘கமாண்டர்’ என்று பட்டம் பெற்ற வாட்ச்மேன். கதவு காற்றுக்காகத் திறந்தே கிடந்தது. திறந்த கதவை உடைக்கத் தீர்மானத்தில் இடமில்லை. ஆகவே கமாண்டர் அதை மரியாதையாகச் சாத்திவிட்டு, பிறகு உடைத்தார்.

மருந்து பீய்ச்சப்பட்டது. அன்று ஃபேன் சண்டையில் ஜெயித்திருந்தவள் தையலக்கா. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மருந்து போன வேகத்தில் திரும்பி வந்தது. படை இருமிக்கொண்டே தரையில் சாய்ந்தது. விடுவிக்கப்பட்ட பெண்ணும் கொடுமைக்காரரும் ஓடியோடித் தண்ணீர் கொடுத்தார்கள்.

“இதுக்குத்தான் ஃபேன் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கறேன்,” என்றார் ஓட்டுநர்.

இவ்வாறு அமைதி நிலைநாட்டப்பட்டது. அது ஓடிப்போகாமலிருக்க ஒன்பது ‘அமைதி காக்கும் ஸ்கூட்டர்கள்’ முற்றத்தில் நிறுத்தப்பட்டன. துணி காயப்போட இடமில்லை. கதவும் திரும்ப வரவில்லை.

“கதவு சார்?” என்று தையலக்கா தினமும் கேட்டாள்.

“கதவு இருந்தா கொடுமை அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்மா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்.”

அவள் ஒரு பழைய போர்வையைத் தைத்துத் தொங்கவிட்டாள். குளிக்கப் போனால் ஓட்டுநர் வாசலில் காவல் நிற்பார். வாடிக்கையாளரின் துணியைத் தெருநாய் இழுத்துக்கொண்டு போனது. ஒரு கதவுக்காக மனிதர் இவ்வளவு ஏங்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு மதியம், மூன்றாம் மாடியில் பம்பு மாமாவின் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்னத்தில் அறை விழும் சத்தம். அடுத்து அவருடைய மருமகளின் அழுகை. தையலக்காவின் கால் மிஷினில் நின்றது. சண்டை அவளுக்குப் பழக்கம். இந்தச் சத்தத்துக்குப் பிறகு டீ இருக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

அவளே போய்ச் சொல்லிக் கூட்டத்தைக் கூட்டவைத்தாள். ஸ்கூட்டர்களுக்கு நடுவே நாற்காலிகள் போடப்பட்டன. பல் டாக்டர் மனசாட்சியை வெளியே எடுத்தார். பம்பு மாமா கோப்பையைக் கவிழ்த்தார்.

“மாமா, சத்தம் வெளிய வந்துச்சே…” என்று இழுத்தார் டாக்டர்.

“பம்பும் வெளியதான் இருக்கு.”

மனசாட்சி உள்ளே போனது. “என் பையன் அவன் பொண்டாட்டியை என்னமோ செய்யறான், அது உள்வீட்டு விவகாரம்,” என்றார் மாமா. விதிமுறை காக்கப்பட்டதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

தையலக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடியேறினாள். ஓட்டுநர் பின்னாலேயே ஓடினார். “ஏய், அனுமதி கிடைக்கலையேடி!”

“மணி அடிக்கிறதுக்கு எதுக்குங்க அனுமதி?”

அடித்தாள். மருமகளே திறந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

“அளவு எடுக்கணும்னியே, கீழ வர்றியாம்மா?”

அந்தப் பெண் அப்படி எதுவும் சொன்னதில்லை. தையலக்காவை ஒரு கணம் பார்த்தாள். “வர்றேன்க்கா,” என்று செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தாள். உள்ளேயிருந்து எழுந்து வந்த கணவன், வாசலை அடைத்து நின்ற பஸ் ஓட்டுநரின் அகலத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

அரைமணி நேரத்தில் சங்கம் போர்வைக்கு வெளியே திரண்டது. செயலாளர் கண்டனத்தை உரக்க வாசித்தார். “மணி அடித்து, எதையும் உடைக்காமல், யாரையும் இருமவைக்காமல் ஒரு பெண்ணை அழைத்து வந்தது தலையீடு ஆகாது. அது கடத்தல்!”

“உள்ள வந்து பேசுங்க சார்,” என்றாள் தையலக்கா. “கதவுதான் இல்லையே.”

யாரும் வரவில்லை. உள்ளே மருமகள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் யார் பேச்சும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

சங்கத்தின் புகழுக்கு இதனால் களங்கமில்லை. யாரையாவது காப்பாற்றிய குற்றம் அதன் மீது இன்றுவரை நிரூபிக்கப்பட்டதே இல்லை.